எங்கள் டிவிசனின் மிருகம்

ரோட் ஐலண்ட் என்று அமெரிக்காவில் ஒரு மாநிலம் இருக்கிறது. மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய் இங்கிலீஷ் படிக்கிறாள். வகுப்பில் ஆளுக்கொரு அமெரிக்க மாநிலத்தைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அது விழுந்தது.

நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் நின்று முதலில் இங்கிலீஷில் சொல்வாள். பிறகு எனக்காகத் தமிழில். பேரில் தீவு இருந்தாலும் முழுக்கத் தீவு இல்லையாம். அந்த நாட்டிலேயே சின்ன மாநிலம். தெற்கே கடல். மற்றப் பக்கமெல்லாம் அதைவிடப் பெரிய மாநிலங்கள். தலைநகரம் பிராவிடன்ஸ். உயரமான மேடே எண்ணூறு அடிதான். கொடியில் நங்கூரம், அதன் கீழே நம்பிக்கை என்று ஒரே சொல். பூ வயலட். மரம் சிவப்பு மேப்பிள்.

"பறவை என்னா?" என்று கேட்டேன்.

"கோழிம்மா."

"காட்டுக்கோழியா?"

"வீட்டுக்கோழிதான். செவப்பா இருக்கும். முட்டைக்கு வளக்குறது."

லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராக்காரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கோழியவா சட்டம் போட்டு வச்சிருக்கானுங்க? இனிமே நம்ம சேவலுக்கு சலாம் வச்சிட்டுத்தான் காலைல பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போகணும்."

"குடிக்கிறதுக்கும் ஒன்னு வச்சிருக்காங்க சித்தி. காப்பிப்பால்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அத்தனூண்டு இடம். ஒரு கோழியையும் கொஞ்சம் காப்பியையும் எடுத்து, இது எங்களுடையது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் எங்கள் பகுதி, எங்கள் டிவிசன், நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. பேர் எழுதின ஒரு பலகை கிடையாது.

பலகை இல்லாதது சின்ன விஷயம் இல்லை. அடுத்த காம்பராக்காரியின் மருமகளுக்கு ஐப்பசி மழையில் வலி வந்தது. அம்புலன்ஸ், பாதை பிரிகிற இடத்தில் தவறித் திரும்பிக் கீழ் டிவிசனுக்குப் போய்விட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பாதை பிரிகிற அந்த இடத்தில், ரோட்டில்தான் பிள்ளை பிறந்தது. இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்து நாலு பேர் மறைத்துப் பிடித்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு ஆபீசில் ஒரு பலகை கேட்டோம். பார்ப்போம் என்றார்கள். பார்க்கவில்லை.

"நாமளே வைப்போம். அவங்க மாதிரி எல்லாத்தையும் போட்டே வைப்போம்" என்றேன்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேச்சு அதுதான். பறவைக்குச் சண்டை வரவில்லை. தேயிலைச் செடிக்குள் கூடு கட்டுகிறது கொண்டைக்குருவி, அதுவே இருக்கட்டும் என்றார்கள். குடிக்கிறதற்குப் பால் விடாத சாயத்தண்ணி. மரத்துக்கு, விறகுக்கு வெட்டுகிற டர்பன்டைன். பூவுக்குத்தான் சண்டை. மகள் தேயிலைப் பூ என்றாள்.

"பூ வந்துச்சுன்னா செடி கவனிப்பாரில்லாமக் கெடக்குதுன்னு அர்த்தம். அதப் போயி போர்டுல போடுறதா?" என்றாள் ஒரு கிழவி.

"கவனிப்பாரில்லாமத்தான கெடக்குது. மேல் மலையப் போயிப் பாருங்க, வெள்ளையாக் கெடக்கு" என்றாள் அடுத்த காம்பராக்காரி. அதோடு தேயிலைப் பூ என்று முடிவானது.

"மிருகம்?" என்றாள் மகள்.

"சிறுத்தை போடுங்க. போன மாசம்கூட நாயத் தூக்கிட்டுப் போச்சே" என்றாள் ஒருத்தி.

"சிறுத்தைய நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"தெனம் பாக்குறத போடு" என்றேன். எல்லாரும் குனிந்து காலைப் பார்த்தார்கள். அட்டை. மழை ஈரத்தில் கால்விரல் இடுக்கில் புகுந்து இரத்தம் குடிக்கிறதே, அது. கொஞ்ச நேரம் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பழைய தகரம் ஒன்றில் மகள் எழுதினாள். மேலே டிவிசன் பேர், மூன்று பாஷையில். நடுவில் படம். வடக்கே ரயில் பாதை, தெற்கே ஓடை, மேற்கே காடு, இடையில் எங்கள் லயங்கள், கோயில். மூலைகளில் குருவி, பூ, மரம். கீழே கறுப்பாக வளைந்து ஓர் அட்டை. பாதை பிரிகிற இடத்தில் கம்பம் நட்டு அடித்தோம்.

பெரட்டு முடிந்து நாங்கள் மலைக்கு ஏறும்போது தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரை மோட்டார் சைக்கிளை அங்கே நிறுத்தியிருந்தார். எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"யாரு வச்சது?"

"நான்தாங்க."

"யாரக் கேட்டு வச்ச?"

"ஆபீசுல கேட்டோம்ங்க. பதில் வரல."

துரை தகரத்தை நெருங்கிப் பார்த்தார். "இது என்ன, புழுவா?"

"அட்டைங்க. எங்க டிவிசன் மிருகம்."

பின்னால் ஒருத்தி, "சாக்ஸுக்குள்ளயும் ஏறுமுங்க துரை" என்றாள். துரை தன்னையறியாமல் காலைத் தூக்கிப் பார்த்தார். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் சிவந்தது.

"பங்களாவுக்கு வெள்ளைக்காரங்க தங்க வர்றாங்க. இந்த வழியாத்தான் வர்றாங்க. அட்டையப் பாத்தா எவன் வருவான்? சரி, பேரு இருக்கட்டும். மத்ததும் இருக்கட்டும். அத மட்டும் அழிச்சிரு."

எங்களுக்கு வேண்டியது பேர்தான். அம்புலன்ஸ்காரனுக்கு அட்டை தேவையில்லை. மறுத்தால் தகரமே போய்விடும். அது எனக்குத் தெரிந்தது. நான் அடுத்த காம்பராக்காரியைப் பார்த்தேன். இதில் பேச அவளுக்குத்தான் பாத்தியதை.

அவள் கூடையை இறக்கி வைத்தாள். "எம் மருமக இதே எடத்துலதாங்க கெடந்தா. அவ தொடையில தொங்குச்சுங்க அட்டை. இந்தக் கையாலதான் புடுங்கினேன். அழிக்க மாட்டோம்."

துரை என்னைப் பார்த்தார்.

"அவ சொன்னதுதாங்க" என்றேன்.

"அப்ப தகரத்தையே கழட்டு" என்றார் கணக்கப்பிள்ளையிடம். கணக்கப்பிள்ளை அசையவில்லை. நான் கம்பத்தடியில் உட்கார்ந்தேன். மற்றவர்களும் கூடைகளை இறக்கிச் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். தரை ஈரம். யாரும் எழவில்லை.

"இன்னைக்கு ஒருத்திக்கும் பேரு போட மாட்டேன்."

"போடாதீங்க" என்றாள் சிறுத்தை கேட்டவள். கிழவி வெற்றிலையை எடுத்து மடித்தாள்.

கொழுந்து முற்றுகிற நேரம். பறிக்காமல் விட்டால் யாருக்கு நட்டம் என்று துரைக்கும் தெரியும். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்று சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

அன்றைக்கு எங்களுக்குப் பேர் விழவில்லை, சம்பளமும் இல்லை. தகரம் நின்றது. எழுதினாரா இல்லையா, தெரியாது. யாரும் வரவில்லை. வந்தால் உட்காருவோம்.

போன ஞாயிறு மகள் வகுப்புக்குப் போகுமுன் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். நானும் போனேன். மழையில் அட்டை வெளிறியிருந்தது.

"கொஞ்சம் பெருசாப் போடவாம்மா?"

"அளவு போதும். நல்லாக் கறுப்பாப் போடு" என்றேன்.