சுவரோடு நின்றுவிட்ட அலமாரி

மன்னார்புரத்தில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த வீட்டில் எங்களுக்கு முன்பு குடியிருந்தவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். சாவி கொடுக்க வந்திருந்தார். ஒல்லியான மனிதர். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. பேசும்போதெல்லாம் கைக்குட்டையால் அலமாரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஹோம் தியேட்டருக்காக ஹால் சுவர் முழுக்க அவர் செய்துவைத்த அலமாரி அது.

"ஹவுஸ் ஓனர் இந்த வீட்டை எனக்கே விக்கிறேன்னாருங்க. அதை நம்பி இந்த அலமாரிக்கு ஒன்றரை லட்சம் போட்டுட்டேன். இப்ப மனசு மாறிட்டார்."

"கழட்டிட்டுப் போகலாமே?"

"இந்தச் சுவரளவுக்கு வெட்டினதுங்க. போற வீட்டுல சுவர் ரெண்டடி கம்மி." கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஏதாவது பார்த்துக் கொடுத்தீங்கன்னா..."

அட்வான்ஸ் கட்டியதிலேயே என் கையிருப்பு கரைந்திருந்தது. எங்களிடம் இருந்ததும் ஒரு சின்ன டிவிதான். அதைச் சொன்னேன்.

"பரவாயில்லைங்க" என்றார். ஆம்ப்ளிஃபயர் சூடாகாமலிருக்கப் பின்பலகையில் போட்டிருந்த ஓட்டைகளை எனக்குக் காட்டினார். பிறகு "போயிட்டு வரேங்க" என்று படியிறங்கிப் போனார்.

வாங்க முடியாது என்று சொல்லிவிட்ட பொருளோடுதான் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன். அன்று அவருக்கு நான் என்ன கொடுத்திருக்கலாம் என்று இன்னும் தெரியவில்லை.