தார் பூசாத அச்சு

போன போகத்தில் என் மாட்டுவண்டியின் அச்சு முறிந்து நெல்மூட்டைகள் சேற்றில் நனைந்தன. இந்த அறுவடைக்குள் பழைய வண்டியொன்று வாங்க அலைந்தே அலுத்துப்போனேன். எல்லாம் புதுத் தாரில் பளபளத்தன. உள்ளே என்ன முறிந்திருக்கிறதோ தெரியவில்லை. ஏறாவூரில் ஒரு வியாபாரி காட்டிய வண்டியில்தான் அச்சின் முறிவும், அதை இறுக்கிய இரும்புப் பூணும் அப்படியே தெரிந்தன.

“எல்லாரும் தார் பூசி மறைக்கிறாங்களே, காக்கா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

“மறைச்சா ஒங்களுக்கு எப்பிடித் தம்பி தெரியும்? தெரிஞ்சாத்தானே பாரத்தக் கொறைப்பீங்க. வயல் வட்டைச் சேத்துக்குள்ள அரைப் பாரந்தான் தாங்கும்.”

ஒட்டுப்போட்ட வண்டியே வேண்டாமென்றிருந்த நான் அதை வாங்கினேன். மற்றவர்கள் ஒரு நடையில் ஏற்றிய நெல்லை வயலிலிருந்து இரண்டு நடையாகக் கொண்டுவந்தேன். கால் கடுத்தது, மாடுகளும் களைத்தன. ஆனாலும் எந்த நடையிலும் அச்சைத் திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை.