பீட்ரூட் என்று நான் விட்ட சிவப்பு

பாண்டியம்மாள் போய்விட்டார் என்ற செய்தி, நான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. மாரடைப்பாம். வெளியே வரிசை நீண்டிருந்தது. எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் அவருடைய ஊரான வத்தலக்குண்டுக்கு மலையிறங்கினேன். பாதியில் எழுந்திருந்தால் அவரே என்னைத் திட்டியிருப்பார்.

கொடைக்கானலில் எங்கள் சிறிய மருத்துவமனையின் லேப் அவருடைய ராஜ்யம். ஊரிலிருந்து பாட்டிலில் சிறுநீர் கொண்டுவருகிறவர்களிடம், "பஸ்ஸுல வந்தது பொய் சொல்லும். தண்ணியக் குடிச்சுட்டு இங்கனயே புதுசாக் குடுங்க" என்று கொட்டிவிடுவார். இதைப் படிக்கும் கொடைக்கானல்காரர்களில் பலர் அந்தத் திட்டை வாங்கியவர்கள்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், மேல்மலைக் கிராமமான போளூரிலிருந்து பூண்டு விவசாயி பொன்னுச்சாமி வந்தார். இருமலில் ரத்தம், காலில் வீக்கம். காசநோய் என்று முடிவுகட்டிச் சளிப் பரிசோதனை எழுதினேன். சிறுநீரும் சிவப்பாகப் போகிறது என்றார். "தோட்டத்துல பீட்ரூட்டு எடுப்புங்க. நாலு நாளா அதான் கொழம்பு" என்றார் மனைவி. மேல்மலையில் எல்லோரும் சொல்வதுதான். நானும் தலையாட்டினேன்.

சற்று நேரத்தில் பாண்டியம்மாள் வந்து நின்றார். சளி கொடுக்கப் போனவரிடம் விசாரித்து, நான் எழுதாத சிறுநீர்ப் பரிசோதனையை அவரே செய்திருந்தார்.

"பீட்ரூட்டுல ரத்த அணு இருக்குமா டாக்டர்? வந்து பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுக்கள் குச்சி குச்சியாக ஒட்டிக் கிடந்தன. ரத்தம் சிறுநீரகத்துக்குள்ளேயே கசிகிறது என்று அர்த்தம். நுரையீரலும் கூடவே கெடுகிறது என்றால், கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் சொந்த உடம்பையே தாக்குகின்றனவோ என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கான ரத்தப் பரிசோதனை மதுரையில்தான்.

பொன்னுச்சாமி மறுத்தார். "பூண்டு காயப் போட்டிருக்கேங்க. சோலிய முடிச்சுட்டு அடுத்த வாரம் போறேன்."

"ஏலே, பூண்டு அடுத்த போகம் வரும். கிட்னி வராது. வெரசா ஏறு" என்று பாண்டியம்மாளே ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தார்.

மதுரையில் அன்றே சிகிச்சை தொடங்கினார்கள். ஆன்டிபாடி இருப்பது பிறகு உறுதியானது. ஒரு வாரம் தள்ளியிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார் என்றார்கள்.

இறுதிச் சடங்கில் பொன்னுச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வெள்ளனே கண்டுபிடிக்கலன்னா நான் இல்லீங்க. டாக்டர் சொல்லித்தான் பாத்தேன்னு அந்தம்மாவே சொன்னாங்க."

இத்தனை வருடமும் பாண்டியம்மாள் என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். எனக்கே தெரியாது. வெட்கமாக இருந்தது.

"நான் சொல்லலீங்க. நான் கோட்டை விட்டுட்டேன். அவங்களாத்தான் பாத்தாங்க" என்றேன்.

அவர் என் கையை விட்டார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடைக்குத் தோள் கொடுக்கப் போனார்.

லேபுக்குப் புதியவர் வரும்வரை ஸ்லைடுகளை நானே பார்க்கிறேன். வந்த பிறகும் பார்ப்பேன். யார் என்ன சொன்னாலும் ஒரு தரம் குனிந்து பார்க்கும் அந்தப் பிடிவாதத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நேற்று பொன்னுச்சாமியின் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே, நேற்றைய தேதி போட்டு எழுதினேன்: சிறுநீர்ப் பரிசோதனை நான் கேட்டதல்ல, பாண்டியம்மாள் தாமாகச் செய்தது.