வெள்ளிக்குக் குடுத்த மரியாதை

நான் கோவக்காரி எண்டு இணுவிலிலை எங்கடை ஒழுங்கை முழுக்கத் தெரியும். அதாலை "உந்த வெள்ளியை விட்டிட்டு வேறை தலைப்பு எடும்" எண்டு மடம் சொன்ன உடனை எனக்குச் சுர்ரெண்டு ஏறினது.

மடம் எண்டது என்ரை முதுமாணிப் பட்ட ஆய்வின்ரை மேற்பார்வையாளர். வேலிக் கிளுவை இலைச் சாறை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலோடை சேர்த்தால் கண்ணுக்குத் தெரியாத நனோ வெள்ளித் துணிக்கையள் உண்டாகும், அது பற்றீரியாக் கிருமியளைக் கொல்லும் எண்டு நான் நம்பியிருந்தன். சரியா வந்தால் கரைசல் பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு மாறோணும். எனக்கோ ஒவ்வொருக்காலும் வெள்ளையாக் கலங்கி அடியிலை படிஞ்சுது. "திங்கட்கிழமைக்குள்ளை ஒண்டும் வராட்டில் தலைப்பை மாத்துவம்" எண்டா மடம். என்ரை உழைப்பு முழுக்க வீண்போகப் போகுது.

அந்தக் கோவத்தோடை ஆய்வுகூடத்துக்குப் போனன். கை தவறி, ஒரு துளி வெள்ளிக் கரைசல் பைப்புத் தண்ணி நிரம்பிக் கிடந்த பேசினுக்கை விழுந்திட்டுது. விழுந்த இடத்திலை அதே வெள்ளைக் கலங்கல்! அதுக்கை ஏது இலை? எங்கடை பைப்பிலை வாறது உவர்க் கிணத்துத் தண்ணி. உப்பு, வெள்ளியைக் கண்டால் விடாது, பிடிச்சு வெள்ளையாப் படிய வைச்சிடும்.

அட கோதாரி! எங்கடை வீடுகளிலை கழுவிக் கவிட்டு வைச்ச தம்ளரா இருந்தாலும், வந்தவைக்குத் தேத்தண்ணி வாக்க முதல் இன்னொருக்கா அலம்பித்தான் குடுப்பம். அலம்பாட்டில் மரியாதையில்லை. காய்ச்சி வடிச்ச தண்ணியிலை கழுவிக் காய வைச்ச குடுவையளையும் நான் ஒவ்வொருக்காலும் பைப்புத் தண்ணியிலை அலம்பி, அரைகுறையா வடிய விட்டுத்தான் பாவிச்சிருக்கிறன். தனிய நிண்டு விழுந்து விழுந்து சிரிச்சன்.

அண்டைக்கு அலம்பேல்லை. பின்னேரத்துக்குள்ளை கரைசல் மண்ணிறமா மாறினது.

ஆறாத புண் ஒண்டிலையிருந்து எடுத்த பற்றீரியாவை, கிருமி வளக்கிற ஏகார்க் கூழ்க் கிண்ணத்திலை பூசி, மேலை மூண்டு கடதாசி வட்டங்கள் வைச்சன். ஒண்டிலை வழக்கமான மருந்து, ஒண்டிலை வெறும் இலைச்சாறு, மற்றதிலை என்ரை வெள்ளி.

திங்கட்கிழமை காலமை மடத்துக்கு முன்னாலைதான் கிண்ணத்தை வெளியிலை எடுத்தன். மருந்து வட்டத்தின்ரை விளிம்பு வரைக்கும் பற்றீரியா ஏறி நிண்டுது. இலைச்சாறையும் அது கணக்கெடுக்கேல்லை. என்ரை வட்டத்தைச் சுத்தி மட்டும் ஒரு பூச்சி புழு இல்லாமல் தெளிஞ்சு கிடந்தது. ஆடு கடிக்கிற எங்கடை வேலி இலை வெள்ளியோடை சேர்ந்து, மருந்துக்கு அடங்காததை அடக்கிப்போட்டுது! பெருமையிலை எனக்கு நெஞ்சு வெடிக்குமாப்போலை இருந்தது.

மடம் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தா. அடிமட்டம் வைச்சு அளந்தா. "இலை சேராத வெறும் வெள்ளி நைத்திரேற்றையும் வைச்சுப் பாக்கோணும், திருப்பித் திருப்பிச் செய்யோணும்" எண்டா. நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன்.

கிண்ணத்தை அவ திருப்பித் தரேல்லை. கையிலை ஏந்திக்கொண்டு போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தட்டினா.

"ஒருக்கா வந்து பாருங்கோ, என்ரை பிள்ளை செய்திருக்கிறாள்."