அழகுமலை போட்ட ஹேண்ட் பிரேக்

என் அண்ணன் அழகுமலைக்கு ஏலப்பாறை ஜீப் ஸ்டாண்டில் 'கல்லு' என்று பட்டப்பெயர். ஏற்றத்தில் எங்கே நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல்லும் வைத்தால்தான் அவருக்கு மனம் அடங்கும். "கல்லு, வண்டிய நிறுத்துறியா, கோயில் கட்டுறியா?" என்பார்கள். சிரித்துக்கொண்டே இன்னும் பெரிய கல்லாகத் தேடுவார்.

அப்படிப்பட்டவரின் வண்டிதான் உருண்டது. ஆனி மாத மழை. டீ ஃபேக்டரியில் வேலை முடிந்த அண்ணி சாந்தம்மாளை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் லயத்து வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார். பாதி ஏற்றத்தில் அடியில் டமாரென்றது. எஞ்சின் கத்தியதே தவிர வண்டி இழுக்கவில்லை. கல்லில் தட்டி லோ கியர் தெறித்து நியூட்ரலுக்கு வந்துவிட்டது என்று நினைத்தார். அந்த வண்டிக்கு அது பழக்கம்தான். சக்கரம் ஒரு குழியில் பதிந்து நின்றது. கல் எடுக்க இறங்கினார். திரும்பிப் பார்க்கும்போது ஜீப் சரிவில் போய்க்கொண்டிருந்தது, அண்ணியோடு.

அண்ணி பிழைக்கவில்லை. கல்லைத் தேடிப் போனவன் பிரேக்கை மறந்துவிட்டான் என்றது ஊர். வண்டியைத் தூக்கிய கிரேன்காரர்கள் ஹேண்ட் பிரேக், கியர் என்று எல்லா லீவரையும் தளர்த்திவிட்டிருந்தார்கள். அவர் பிரேக் போட்டதற்கு எந்த அடையாளமும் மிஞ்சவில்லை.

கட்டப்பனையில் நர்ஸாக இருக்கும் அண்ணன் மகள் ராமலட்சுமி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "நெசமாப் போட்டீங்களாப்பா?"

"போட்டேன்னுதாம்மா நெனக்கிறேன்."

அந்த 'நெனக்கிறேன்' அவள் மனதை அடைத்துவிட்டது. அதன் பிறகு அவள் அப்பாவிடம் பேசவில்லை. நான் ஷார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வெறுங்காற்றில் ஹேண்டிலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை மறந்திருக்குமா என்று என்னிடம் கேட்டார். இவரை இப்படி விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது? லீவை நீட்டிக்கொண்டு, நொறுங்கிய ஜீப்பைப் பாண்டியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அண்ணனையும், கருமாதிக்கு வந்திருந்த ராமலட்சுமியையும் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். அவள் வாசலைத் தாண்டி வரவில்லை.

பாண்டி எங்களுக்குத் தூரத்து உறவு. ஜீப்பின் அடியில் டார்ச்சோடு படுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். பிறகு, "மாமா, இத வந்து பாருங்க" என்றான்.

எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட், கியர்பாக்ஸிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின் நுனியில் சிலுவை மாதிரி நாலு கை கொண்ட கிராஸ் உண்டு. அதில் இரண்டு கைகள் இல்லை. அந்தக் கைகளின் மூடிக்குள் ஊசி போன்ற உருளைகள் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி போல வெறும் துரு.

"உருண்டதுல ஒடஞ்சிருக்கும்ல?" என்றேன்.

"அப்ப இது எப்படி வந்துச்சாம்?" டார்ச்சை மேலே அடித்தான். தரைத் தகட்டின் அடிப்பக்கம் முழுக்க வளைவு வளைவாகக் காயங்கள். "சுத்துன ஷாஃப்ட் அறுந்து அடிச்ச அடி இது. இந்தத் துண்டு எஞ்சின் சுத்துனாத்தேன் சுத்தும். ஏறையிலயே போயிருச்சு. கியரும் தெறிக்கல, ஒண்ணும் தெறிக்கல."

அண்ணன் குனிந்து அந்தக் காயங்களைத் தடவினார்.

"இந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் சக்கரத்துலயா இருக்கு? ஷாஃப்ட்டோட தலையில. நீங்க எத்தன தடவ இழுத்திருந்தாலும் ஷாஃப்ட்டத்தேன் பிடிக்கும், சக்கரம் உருளத்தேன் செய்யும். முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டு இருந்திருந்தா ஃபோர் வீல் போட்டு நிறுத்திருக்கலாம். அதத்தேன் நம்மூர்ல ஒருத்தனும் மாட்டுறதில்லையே" என்றான் பாண்டி.

டீசல் மிச்சம் என்று மழை வலுக்கும்வரை முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைப்பது ஸ்டாண்டில் எல்லாருக்கும் வழக்கம். அண்ணனுடையது கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ராமலட்சுமி உள்ளே வந்தாள். "அப்ப அப்பா மேல தப்பில்லையா?"

"மறந்திருந்தாலும் ஒண்ணுதேன், போட்டிருந்தாலும் ஒண்ணுதேன் தாயி."

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டை நினைத்து இனி நான் பயப்பட வேண்டாம் என்று நினைத்தேன். பாண்டி கையைத் துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

"ஆனா கிரீஸ் இல்லாம இம்புட்டு காஞ்சிருந்தா முன்னாடியே சத்தம் குடுத்திருக்குமே. மெதுவாப் போகையில கீச்சு கீச்சுன்னு."

நான் அவனுக்குக் கண்ணைக் காட்டினேன். அண்ணன் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் மறுத்துக் கேட்டிருக்க மாட்டோம்.

"வந்துச்சு" என்றார். "ஒங்கம்மாதேன் மொதல்ல கேட்டா. நான் ஸ்பிரிங் பட்டையில வருதுன்னு பட்டைக்குப் பழைய ஆயில விட்டேன். மழ பிடிச்சதும் சத்தம் நின்னுருச்சு. சரியாயிருச்சுன்னு விட்டுட்டேன்."

ராமலட்சுமி கையை எடுக்கவில்லை. "அம்மா என்ன சொன்னாங்க?"

"சத்தம் வருதுன்னா."

"அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்க."

இரண்டு முறை தொடங்கி நிறுத்தினார். "'ஏங்க, அடியில குருவி கூடு கட்டிருக்கும் போல. எறங்கிப் பாருங்க, பாவம் குஞ்சு இருக்கும்'னா."

"நீங்க?"

"சிரிச்சேன்."

நோயாளியின் கையைப் படுக்கையில் வைப்பதுபோல் அவர் கையை மெல்ல அவர் மடியிலேயே வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டு கட்டப்பனை பஸ்ஸுக்கு நடந்தாள். "பாப்பா" என்று கூப்பிட்டேன். "போயிட்டு வாரேன் சித்தப்பா" என்றாள், என்னிடம் மட்டும்.

ஸ்டாண்டில் இப்போது யாரும் அண்ணனைக் குறை சொல்வதில்லை. பாண்டி எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அண்ணனோ வேறு ஜீப்பிலும் ஏறவில்லை. ஷார்ஜாவிலிருந்து வெள்ளிக்கிழமை நான் போனில் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது, "பாப்பா ஒங்கிட்டப் பேசுச்சா?"

"பேசுச்சுண்ணே, நல்லா இருக்கு."

தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று அவர் கேட்க மாட்டார். போனையும் வைக்க மாட்டார். அந்தப் பக்கம் மழை விழுவது மட்டும் கேட்கும். நானும் வைக்காமல் இருப்பேன்.