ஈரத்தில் பிடிக்கிற டயர்

நான் இப்போது வாழும் அயர்லாந்தில், பின்பக்கம் நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் கார்களை 'எஸ்டேட்' என்கிறார்கள். வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்குக் கார் ஞாபகம் வருவதில்லை. ஏலச்செடிகளும் அட்டைப்பூச்சிகளும்தான் ஞாபகம் வருகின்றன. போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் ஊர் டயர் கடைக்காரர் டெக்லன் எங்கள் காரைச் சுற்றிப் பார்த்தபடி, "எஸ்டேட்தானே?" என்று கேட்டார். "ஆமாம், இடுக்கிப் பக்கம்" என்று சொல்லிவிட்டேன். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார். இடுக்கி என்பதைக் காரில் ஏதோ ஒரு புது மாடல் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

கம்பம்மெட்டுக்கு உள்ளே, ஒரு ஏலத்தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள் நான். இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. என் கணவர் பழனிச்சாமிக்கு முதலமடை, மாந்தோப்புக் குடும்பம். இருவருமே கேரளத்துத் தமிழர். அங்கே மலையாளிகளுக்கு நாங்கள் பாண்டிக்காரர்கள், மலைக்குக் கீழே தமிழ்நாட்டுக் கம்பத்தில் இறங்கினால் மலையாளத்துப் பிள்ளைகள், இங்கே வெறும் இந்தியர்கள். எங்கள் இருவருக்குள்ளும் தமிழ் ஒன்றல்ல. அவர் வீட்டை 'ஊடு' என்பார், என்னை 'அம்மிணி' என்பார். கல்யாணமான புதிதில் என் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை வேற யாரையோ கூப்பிடுறாரு" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

கார் அவருடைய ஆசை. பிள்ளைகளின் சைக்கிளும் வாராந்தரக் காய்கறியும் ஏற்ற வேண்டிய குடும்பக் கார்தான். ஆனால் தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, பெரிய சக்கரம், அந்தச் சக்கரத்தைச் சுற்றி ஒல்லியான டயர். வளைவில் ஸ்டியரிங்கைத் தொட்டாலே திரும்பும். முதலமடை, மலை மறைத்து மழை குறைந்த மண். மாங்காய் லாரிகள் ஓடும் காய்ந்த சாலைகளில் பைக் ஓட்டி வளர்ந்தவர் அவர். வேகம் அவருக்குச் சிறுவயதுச் சந்தோஷங்களில் ஒன்று. எனக்குச் சாலை என்றாலே மழையும் பள்ளமும்தான். ஒரே மாநிலம்தான், ஆனால் நாங்கள் இரண்டு வானத்துக்கு அடியில் வளர்ந்தவர்கள்.

அன்று டயர் கடைக்குப் போனது முன் சக்கரத்தில் காற்று இறங்குகிறது என்பதற்காக. பஞ்சர் ஒட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தோம். டெக்லன் காரை லிஃப்டில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களை அழைத்தார். வெளிப்பக்கம் பார்க்க டயர் நன்றாகவே இருந்தது. உள்பக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, ரப்பருக்குள்ளிருந்து மெல்லிய கம்பி எட்டிப் பார்த்தது. தாழ்ந்த கார்களில் சில சமயம் இப்படித்தான் உள்ளுக்குள் தேயும், நின்று பார்க்கிறவருக்குத் தெரியாது என்றார். பிறகு, "இதை ஒட்டித் தர மாட்டேன். இந்த டயரோடு நீங்கள் வெளியே போவதும் எனக்குச் சம்மதமில்லை" என்றார்.

பழனிச்சாமிக்கு முகம் சுருங்கியது. அவருக்கு வேண்டிய ஸ்போர்ட்ஸ் டயர் அந்தக் கடையில் இல்லை, வரவழைக்க வேண்டும். கையிருப்பில் இருந்தது எல்லாப் பருவத்துக்குமான டயர். ஆழமான வெட்டுகள், தண்ணீரை ஒதுக்கிவிட்டு ரோட்டைப் பிடிக்கும், ஆனால் ஸ்டியரிங்கில் அந்தப் பழைய கூர்மை இருக்காது என்று டெக்லனே ஒளிக்காமல் சொன்னார். வெளியே மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டோம்.

"இதைப் போட்டா வண்டி ஓட்டறாப்லயே இருக்காது அம்மிணி. மெத்தை மேல நடக்கறாப்ல இருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கலாம். மெதுவா ஓட்டிட்டுப் போனா ஒண்ணும் ஆகாது."

"கம்பி தெரியுதுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் அண்ணனின் வாக்கியம் என்று உறைத்தது. அவன் குரலிலேயே அதைச் சொல்லியிருந்தேன்.

என் அண்ணன் செல்வம் ட்ரிப் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் கம்பம் பக்கமிருந்து மலையேறி வரும் பெண்களையும் லயத்துப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு உள்ளே இருக்கும் ஏலக்காடுகளில் இறக்கிவிடுவது அவன் வேலை. ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அங்கே ஒரு கணக்கும் கிடையாது. மடியில் தூக்குவாளி, அதன்மேல் இன்னொருத்தியின் முழங்கை, பின்னால் தொங்கும் கால்கள். அது ஆடி மாதம், அன்று விடிந்ததிலிருந்து விடாத சாரல். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி முக்கில் நின்றிருந்தேன். அண்ணன் பின் சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து டயரைத் தடவிப் பார்த்தான்.

"கம்பி தெரியுது. ஆளை ஏத்த மாட்டேன்" என்றான்.

"நேத்து ஓடுச்சுல்ல? இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்றார் ஜீப் முதலாளி.

"நேத்து வெயிலு."

பெண்கள் சலசலத்தார்கள். நேரமானால் மேஸ்திரி வேலைக்கு எடுக்க மாட்டார். அவர்களில் என் சித்தி பேச்சியும் இருந்தாள். அம்மாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிவராமல் எங்களோடுதான் இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டதும், அண்ணனுக்கு முதல் பேண்ட் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

"செல்வம், மழையில காயி அழுகிரும்டா. வண்டிய எடு. மெதுவாப் போகலாம்."

"வேணாம் சித்தி. நீயும் போகாத."

"நான் போகலைன்னா இவளுக நாளைக்கு என்னைய சேக்க மாட்டாளுக. நீ வீட்டுக்குப் போ, சாயந்தரம் பேசிக்கிருவோம்."

அண்ணன் சாவியை பானட் மேல் வைத்துவிட்டு நகர்ந்தான். முதலாளி இன்னொரு டிரைவரைக் கூப்பிட்டார். இறக்கத்து வளைவில் பிரேக் பிடித்த ஜீப், நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் ஏலக்காட்டுக்குள் உருண்டது. பலருக்குக் கை கால் முறிந்தது. இறந்தவள் சித்தி ஒருத்திதான். ஸ்டேஷனில் 'அபகடம்' என்று எழுதிக்கொண்டார்கள். விபத்துக்கு மலையாளத்தில் அதுதான் சொல். அந்தச் சொல்லில் டயருக்கு இடமில்லை, முதலாளிக்கும் இடமில்லை.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. முதலாளிகளுக்கு அவன் வம்பு பிடித்தவன். அடிபட்ட பெண்களின் வீட்டார் வேறு மாதிரி கேட்டார்கள்: தெரிந்தவன் ஏன் சாவியைக் கொடுத்தான், தூக்கிப் பள்ளத்தில் எறிய வேண்டியதுதானே. இரண்டு பக்கமும் அவனைத்தான் குற்றம் சொன்னது. அவன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு போடும் வேலைக்குப் போனான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். அந்தக் காலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை.

டயர் கடையில் நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது டெக்லன் காகிதக் கைக்குட்டையை நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தி, பணத்தை இன்றே தர வேண்டியதில்லை, மாதாமாதம் கொடுத்தாலும் போதும் என்றார். இல்லை, அது இல்லை என்று தலையசைத்தேன். எனக்குக் கிடைத்த ஆங்கிலத்தில், "நீங்கள் முடியாது என்று சொல்கிறீர்கள், யாரும் உங்களைத் திட்டவில்லை" என்றேன். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டு முகம் சிவந்து, "திட்டினாலும் என்னால் அனுப்ப முடியாது, மன்னியுங்கள்" என்றார். நான் இன்னும் அதிகமாக அழுதேன். பாவம், அந்த மனிதர் தேநீர் போட உள்ளே போய்விட்டார்.

சித்தி ஜீப் விபத்தில் போனாள் என்பது மட்டும்தான் பழனிச்சாமிக்குத் தெரியும். அடுக்கி வைத்த புது டயர்களின் ரப்பர் வாசத்துக்கு நடுவே நின்று மீதியைச் சொன்னேன். 

"மச்சான் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லியே" என்றார் கடைசியில்.

"யாருகிட்ட சொல்லும்? கேட்டவங்கதான் யாரு?"

 அவர் டெக்லனிடம் போய், ஆழமான வெட்டுள்ள அந்த டயரையே நான்கு சக்கரத்துக்கும் போடச் சொன்னார். வீடு திரும்பும்போது மழை வலுத்திருந்தது. ஏரிக்கரை வளைவில் அவர் ஸ்டியரிங்கை லேசாக அசைத்துப் பார்த்தார். "மெதுக்குன்னுதான் இருக்குது" என்றார். கொஞ்சம் கழித்து, "இருந்துட்டுப் போகட்டும் அம்மிணி" என்றார்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ளவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்று நான் நினைக்கவில்லை. டெக்லனும் என் அண்ணனும் செய்தது ஒரே காரியம்தான். டெக்லன் அதைச் சொல்லிவிட்டு மறுநாள் காலை கடையைத் திறக்கலாம். இவர் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது, திட்டாத ஊர் நிற்கிறது. என் அண்ணன் பின்னால் மழை மட்டும்தான் இருந்தது. வெளிநாட்டில் எனக்குக் கிடைத்தவற்றில் பெரியது எது என்று யாராவது கேட்டால் சம்பளத்தைச் சொல்வதா, பாஸ்போர்ட்டைச் சொல்வதா என்று முன்பெல்லாம் தடுமாறுவேன். இப்போது தெரிகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிழைத்திருக்க முடிகிறது என்பதுதான்.

இந்த வருடம் விடுமுறைக்குப் போனபோது, கம்பம்மெட்டு முக்கில் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அண்ணனுக்கு மதியம் வரை ஸ்டோரில் வேலை. லயத்துக்குப் போக ஒரு ட்ரிப் ஜீப் நின்றிருந்தது. ஏறுவதற்கு முன் குனிந்து பின் சக்கரத்தைப் பார்த்தேன். சாரலில் நனைந்த டயர், சிலேட்டுப் பலகை போல மொட்டையாக இருந்தது.

"என்னத்தா பாக்குற? ஏறு, இடம் இருக்கு" என்று ஒரு அக்கா நகர்ந்து உட்கார்ந்தார். "நம்ம பேச்சியோட அக்கா மக" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"அக்கா, டயர் மொட்டையா இருக்கு. எல்லாரும் இறங்கிருங்க. வேற வண்டி பாப்போம்."

யாரும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நீ ஏறாம நிக்கலாம்த்தா" என்றார் அந்த அக்கா, சாந்தமாக. "ஒனக்கு இன்னைக்கு வேலைக்குப் போக வேணாம்ல."

டிரைவரிடம் சொன்னேன். "முதலாளிகிட்ட பேசுங்கம்மா" என்று ஸ்டார்ட் செய்தார். நான் பின்னுக்கு நகர்ந்தேன். எனக்காக விட்ட இடம் காலியாகவே இருக்க, ஜீப் கிளம்பியது.

மலைச்சரிவில் வண்டியின் சத்தம் ஒரு வளைவில் மறைந்து அடுத்த வளைவில் மறுபடி கேட்டது.  பெட்டியைப் பிடித்தபடி ரோட்டோரத்திலேயே நின்றிருந்தேன். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் என் உடம்பு அவர்களோடு சேர்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.