தேவாங்குக்கு ஐயோ, அந்துப்பூச்சிக்கு ஒழியட்டும்

கல்லூரிக் கண்காட்சிக்கான, 'அழிந்துவரும் உயிர்கள்' என்று எழுதிய இரண்டு படங்களை மடியில் வைத்துக்கொண்டு, இன்று காலை குடவாசலிலிருந்து தஞ்சாவூருக்கு பஸ்ஸில் வந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த விவசாயி அக்கா தேவாங்கின் படத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயோ, கண்ணைப் பாருங்க! இதுவா அழியுது?"

"ஆமாங்க. இந்த அந்துப்பூச்சியும்தான்" என்று அடுத்த படத்தைக் காட்டினேன்.

"பூச்சிதானே, ஒழியட்டும்."

"தேவாங்குக்குச் சாப்பாடே பூச்சிதாங்க."

அவர் முகம் மாறியது. ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார்.

"எங்க வயல்ல ராத்திரி பூச்சி பிடிக்க விளக்குப்பொறி வெச்சிருக்கோம், விளக்குக்கு அடியில தட்டு இருக்கும். வருசா வருசம் தட்டு நெறைய பூச்சி விழும். இந்தச் சம்பாவுக்கு மருந்தே அடிக்கல. ஆனாலும் தட்டு காலியா கெடக்கு. நல்லதுன்னு சந்தோசப்பட்டேனே" என்றார்.

 பிறகு அந்துப்பூச்சியின் படத்தையும் தொட்டுப் பார்த்தார்.

உங்கள் வீட்டு விளக்கைக் கடைசியாக எப்போது பூச்சி மொய்த்தது? சொல்லுங்கள். எனக்கு நினைவில்லை.